அந்த வீட்டில் பகல் முழுக்க யார் இருந்தார்கள்?



இன்று கொஞ்சம் நீளமான பதிவு. காபியோ டீயோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒரு நாவலைப் பற்றிச் சொல்லப் போகிறேன், அதன் முடிவையும் சேர்த்து. படித்துவிட்டுத்தான் முடிவு தெரிய வேண்டும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

என்னிடம் வரலாறு படித்தவர்களுக்கு நினைவிருக்கலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவை நான் ஐந்தே நிமிடத்தில் முடித்துவிடுவேன். போர் முடிந்தது, சிப்பாய்கள் ஊர் திரும்பினார்கள், வேலை கிடைத்தது, வீடு, கார், டிவி, மூன்று பிள்ளைகள், செழிப்பு. அடுத்தது பனிப்போர், பக்கத்தைத் திருப்புங்கள். ஒரு வருடம் பெண்கள் பக்கத்து பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சார், ஆம்பளைங்க எல்லாம் ரயில் பிடிச்சு ஆபீஸ் போயிட்டாங்க. அந்த வீட்ல பகல் முழுக்க யார் இருந்தாங்க? அவங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்க?" நான் சொன்ன பதில்: "வேற என்ன, உங்க அம்மா பண்றததான்." வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

ஓய்வு பெற்ற பிறகுதான் ரிச்சர்ட் யேட்ஸ் எழுதிய 'ரெவல்யூஷனரி ரோடு' என்ற நாவல் கைக்கு வந்தது. படித்து முடித்த இரவில் அந்தக் கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. நான் பதில் சொல்லவில்லை, கேலி செய்திருக்கிறேன் என்று அன்றுதான் உறைத்தது. அந்தப் பதிலைத்தான் இப்போது, மிகத் தாமதமாக, எழுதிப் பார்க்கிறேன்.

நாவல் வெளிவந்தது 1961இல். கதை நடப்பது 1955இல், நியூயார்க்கிலிருந்து ரயிலில் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கும் மேற்கு கனெக்டிகட் புறநகரில். ஃபிராங்க் வீலர், ஏப்ரல் வீலர் என்று ஒரு தம்பதி. இருவருக்கும் முப்பது வயதை ஒட்டி. ஜெனிஃபர், மைக்கேல் என்று இரண்டு பிள்ளைகள். ஃபிராங்க் போரில் ஐரோப்பாவில் இருந்தவன், திரும்பி வந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவன். இப்போது நாக்ஸ் பிசினஸ் மெஷின்ஸ் என்ற கம்பெனியில் (இது கதைக்காகப் படைக்கப்பட்ட கம்பெனி) பேர் தெரியாத ஒரு வேலை. அவன் அப்பா ஆயுள் முழுக்க உழைத்ததும் அதே கம்பெனிதான். ஏப்ரல் நடிப்புப் பள்ளியில் படித்தவள். இப்போது இல்லத்தரசி. நாங்கள் இந்த அக்கம்பக்கத்தாரைப் போல இல்லை, வேறு ரகம் என்று இருவருக்கும் ஒரு நினைப்பு. அந்த நினைப்பில்தான் அவர்கள் கல்யாணமே நின்றுகொண்டிருக்கிறது.

கதை ஒரு நாடக மேடையில் ஆரம்பிக்கிறது. ஊர்க்காரர்கள் சேர்ந்து ராபர்ட் ஷெர்வுட் எழுதிய 'தி பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட்' நாடகத்தைப் போடுகிறார்கள். ஏப்ரல்தான் கதாநாயகி. நாடகம் படுதோல்வி. அந்த நாடகத்தின் கதாநாயகி பாலைவனத்து உணவு விடுதி ஒன்றில் மாட்டிக்கொண்டு, பிரான்ஸ் நாட்டுக்குப் போகக் கனவு காணும் பெண். யேட்ஸ் இதைப் பெரிதாக விளக்குவதில்லை. ஆனால் கொஞ்ச நாளில் ஏப்ரல் தன் கணவனிடம் வந்து, வீட்டை விற்றுவிட்டுப் பாரிஸுக்குப் போய்விடலாம் என்கிறாள்.

அவளுடைய திட்டத்தை நான் முதலில் சாதாரணமாகப் படித்துக்கொண்டு போய்விட்டேன். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் கண்ணில் பட்டது. பாரிஸில் சம்பாதிக்கப் போவது ஏப்ரல். அங்கே அமெரிக்க அரசு அலுவலகங்களில் செக்ரட்டரி வேலைக்கு நல்ல சம்பளம் உண்டு, நான் வேலைக்குப் போகிறேன், நீங்கள் வீட்டில் இருந்து படியுங்கள், யோசியுங்கள், உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கண்டுபிடியுங்கள் என்கிறாள். எல்லோரும் இந்த நாவலைப் பாரிஸ் கனவு என்று பேசுகிறார்கள். 1955 அமெரிக்காவில் பாரிஸ் அப்படியொன்றும் எட்டாத ஊர் இல்லை. மனைவி சம்பாதித்துக் கணவன் வீட்டில் உட்காருவதுதான் நினைத்துப் பார்க்க முடியாதது. ஃபிராங்க் முகத்தில் சந்தோஷத்தையும் வயிற்றில் பயத்தையும் வைத்துக்கொண்டு சரி என்கிறான்.

இங்கே நாவலை வைத்துவிட்டு வரலாற்றுக்கு வருகிறேன். அந்த வீடு எங்கிருந்து வந்தது?

1944 ஜூன் 22 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். ஜி.ஐ. பில் என்பார்கள். போரிலிருந்து திரும்பும் வீரர்களுக்குக் கல்லூரிப் படிப்புக்குப் பணம், வீடு வாங்க அரசு உத்தரவாதத்தோடு கடன். 1952க்குள் ஏறத்தாழ 24 லட்சம் வீட்டுக் கடன்களுக்கு அரசு ஜாமீன் நின்றது. முன்பணம்கூட இல்லாமல் பலருக்குக் கடன் கிடைத்தது. கடன் தயாராக இருந்தால் வீடு கட்டுபவனும் தயாராக வந்துவிடுவான் அல்லவா? அப்படி வந்தவர்தான் வில்லியம் லெவிட். நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயல்களை வாங்கி, 1947இலிருந்து தொழிற்சாலையில் கார் செய்வது போல வீடு கட்டினார். தொழிற்சாலையில் கார் நகரும், ஆள் நிற்பான். இங்கே வீடு நிற்கும், ஆட்கள் நகர்வார்கள். ஒரு வீட்டைக் கட்டும் வேலையை 27 படிகளாகப் பிரித்தார். ஒரு குழு தரை போட்டுவிட்டு அடுத்த மனைக்குப் போகும், இன்னொரு குழு வந்து சுவர் நிறுத்தும். ஒரு குழுவுக்கு வெள்ளைப் பெயின்ட் மட்டும், இன்னொன்றுக்குச் சிவப்புப் பெயின்ட் மட்டும். வேகம் உச்சத்தில் இருந்தபோது ஒரே நாளில் 30 வீடுகளுக்கு மேல் முடிந்தன. 1951க்குள் 17,000 வீடுகளைத் தாண்டிவிட்டது. 1949 மாடல் வீட்டின் விலை 7,990 டாலர். போர் வீரருக்கு மாதத் தவணை 60 டாலருக்கும் குறைவு. நகரத்தில் மாமனார் வீட்டு ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தவனுக்கு இது சொர்க்கம் இல்லையா? இதை நக்கல் செய்கிற எழுத்தாளர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சொந்த வீடு என்றால் என்ன என்பது வாடகை வீட்டில் பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அந்தச் சொர்க்கத்துக்கு ஒரு வாசற்காவல் இருந்தது. லெவிட்டவுன் ஒப்பந்தத்திலேயே வெள்ளையர் அல்லாதவர் அங்கே குடியிருக்கக் கூடாது, வேலைக்காரராக இருந்தால் மட்டும் பரவாயில்லை என்று எழுதியிருந்தது. இப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் நடைமுறை மாறவில்லை. 1957இல் பென்சில்வேனியாவில் இருந்த இன்னொரு லெவிட்டவுனில் மையர்ஸ் என்ற கருப்பினக் குடும்பம் ஒரு வீடு வாங்கிக் குடியேறியது. கூட்டம் கூடிக் கத்தியது, கல் எறிந்தது. வெளிநாட்டில் ஒரே படையில் போரிட்ட இருவரில் ஒருவனுக்கு வீடு, மற்றவனுக்குக் கல். வகுப்பில் 'செழிப்பு' என்று நான் சொன்ன ஒற்றைச் சொல்லுக்குள் இதுவும் இருந்தது.

வீலர் தம்பதியின் வீடு லெவிட்டவுன் வீடு இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். புதிதாக வந்த பெரிய வீட்டுமனைத் திட்டத்தைத் தாண்டிப் போனால், போர் முடிந்ததும் உள்ளூர்க்காரர் ஒருவர் கட்டிய சின்ன வெள்ளை வீடு. முன்பக்கச் சுவரில் பெரிய கண்ணாடி ஜன்னல். அந்த ஜன்னல் மட்டும் சகிக்கவில்லை, புத்தக அலமாரியும் நாற்காலியும் போட்டால் சரியாகிவிடும் என்று பேசிக்கொண்டு வாங்குகிறார்கள். இந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வீடு வாங்குகிற எல்லோரும் ஒரு குறையைச் சுட்டிக்காட்டி, அதைச் சரிசெய்துவிடலாம் என்று சொல்லித்தான் வாங்குகிறோம். அவர்களுக்கு அதை விற்பவர் கிவிங்ஸ் அம்மாள் என்ற ரியல் எஸ்டேட் ஏஜென்ட். அவரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வருவார்.

ஆபீஸ் பக்கம் அதிக நேரம் செலவிடப் போவதில்லை. வில்லியம் வைட் என்ற பத்திரிகையாளர் 1956இலேயே 'தி ஆர்கனைசேஷன் மேன்' என்ற புத்தகத்தில் கம்பெனிக்குத் தன்னை ஒப்புக்கொடுத்த ஆண்களைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். சம்பளம் உண்டு, பாதுகாப்பு உண்டு, வேலையில் தான் எங்கே இருக்கிறோம் என்றுதான் தெரியாது. ஃபிராங்க் அப்படிப்பட்ட ஒருவன். யேட்ஸுக்கும் இது தெரிந்த உலகம்தான். ரெமிங்டன் ராண்ட் கம்பெனிக்கு விளம்பர எழுத்து எழுதிப் பிழைத்தவர் அவர். யூனிவாக் என்ற ஆரம்பகாலக் கம்ப்யூட்டரை விற்ற கம்பெனி அது. நாவலில் ஃபிராங்க் விளையாட்டுப்போல எழுதித்தரும் ஒரு விளம்பரத்தை மேலதிகாரி பார்த்துப் பாராட்டி, புதிய கம்ப்யூட்டர் விற்பனைப் பிரிவில் பெரிய பதவி தருகிறேன் என்கிறார். வாழ்க்கையில் முதன்முறையாக அவனுக்கு அந்த வேலை பிடித்துப்போகிறது. பாரிஸுக்கு நாள் குறித்த பிறகு.

அதே வாரங்களில் ஏப்ரல் மூன்றாவது முறையாகக் கர்ப்பமாகிறாள்.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். பகலில் அந்த வீட்டில் இருந்த பெண் யார்? 1956இல் அமெரிக்கப் பெண்களின் முதல் திருமண வயது சராசரியாக 20.1. பாதிப் பேர் அதற்கும் முன்பே மணமானவர்கள். 1957இல் மட்டும் 43 லட்சம் குழந்தைகள் பிறந்தன. அந்த நாட்டில் அதற்கு முன் எந்த ஆண்டிலும் அவ்வளவு பிறந்ததில்லை. அதே 1957இல் பெட்டி ஃபிரீடன் என்ற பெண்மணி, தன்னோடு 15 வருடத்துக்கு முன் ஸ்மித் கல்லூரியில் படித்த தோழிகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார். நன்றாகப் படித்த பெண்கள், நல்ல வீடு, நல்ல கணவன், ஆரோக்கியமான பிள்ளைகள். பதில்களில் ஏதோ ஒன்று குறைந்தது. அந்தக் குறைக்கு வைக்க ஒரு பெயர்கூட யாரிடமும் இல்லை என்றார். அதை வைத்து அவர் எழுதிய 'தி ஃபெமினைன் மிஸ்டிக்' 1963இல் வந்தது, ஏப்ரல் வீலர் அச்சில் இறந்து இரண்டு வருடம் கழித்து.

ஒரு பெண் தன் பெயரில் கடன் கேட்டால், பெண் என்ற காரணத்துக்காகவோ திருமணமானவள், ஆகாதவள் என்ற காரணத்துக்காகவோ மறுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது 1974இல். ஏப்ரல் தனியாகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கலாமே என்று கேட்பவர்கள் இதையும் மனதில் வைக்க வேண்டும்.

அடுத்து நான் வகுப்பில் எடுத்தே இராத ஒரு விஷயம். சங்கடமாக இருந்தாலும் சொல்கிறேன், உங்களில் பெரும்பாலோருக்கு இப்போது பேரன் பேத்தி எடுக்கிற வயது. கதை நடக்கும் கனெக்டிகட் மாநிலத்தில் 1879இல் போட்ட ஒரு சட்டம் இருந்தது. கருத்தடைச் சாதனம் பயன்படுத்துவதே குற்றம், கணவன் மனைவியானாலும். வசதியுள்ளவர்கள் தெரிந்த டாக்டரிடம் சத்தமில்லாமல் போய்க்கொண்டார்கள். இல்லாதவர்கள் போகக்கூடிய கிளினிக்குகள்தான் மூடப்பட்டன. நாவல் வெளியான அதே 1961ஆம் ஆண்டு நவம்பரில், எஸ்டெல் கிரிஸ்வோல்ட் என்ற பெண்மணியும் பக்ஸ்டன் என்ற டாக்டரும் நியூ ஹேவன் நகரில் வேண்டுமென்றே ஒரு கிளினிக் திறந்தார்கள். சில நாட்களிலேயே கைது. ஆளுக்கு 100 டாலர் அபராதம். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1965 ஜூன் 7 அன்று சட்டம் விழுந்தது.

கருக்கலைப்பு இன்னும் கடினம். அமெரிக்க மாநிலங்களில் இதற்கு எதிராக முதலில் எழுத்துச் சட்டம் போட்டதே கனெக்டிகட்தான், 1821இல். 1950களில் பெரிய ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் குழு ஒன்று கூடி, தாயின் உயிருக்கு ஆபத்து என்று ஒப்புக்கொண்டால் மட்டும் அனுமதி. மனநல மருத்துவர் கையெழுத்துப் போட்டு அனுமதி வாங்கியவர்களும் உண்டு, பணமும் பழக்கமும் இருந்தவர்கள். மற்றவர்கள் தங்கள் கையாலேயோ, தெரியாதவர் கையாலேயோ.

இந்தப் பின்னணியோடு நாவலின் பின்பாதியைப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. ஏப்ரல் தானே கலைத்துக்கொள்ள ஒரு ரப்பர் சிரிஞ்சு வாங்கி வைத்திருப்பதை ஃபிராங்க் கண்டுபிடிக்கிறான். மூன்று மாதம் முடிவதற்குள் செய்தால்தான் உயிருக்கு ஆபத்து குறைவு என்பது இருவருக்கும் தெரியும். அந்தக் கெடு தாண்டும்வரை அவன் தினமும் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு பேசிப் பேசியே அவளைத் தடுக்கிறான். அன்பாகப் பேசுகிறான், கோபமாகப் பேசுகிறான், உனக்கு மனநல மருத்துவரின் உதவி தேவை என்றும் பேசுகிறான். குழந்தை மேல் இருக்கும் ஆசை என்றுதான் தனக்கே சொல்லிக்கொள்கிறான். குழந்தை வந்தால் பாரிஸுக்குப் போக வேண்டியதில்லை, புது வேலையில் சேர்ந்துவிடலாம், பயந்தவன் என்று யாரும் சொல்ல முடியாது. யேட்ஸ் இதை எங்கும் குற்றச்சாட்டாக எழுதவில்லை. அவன் கூடவே நடந்து, அவன் மனதுக்குள் இருப்பதைக் காட்டிவிட்டுப் போகிறார். எனக்குத்தான் வியர்த்தது. வீட்டில் எத்தனை விவாதங்களில் நானும் இப்படிக் கெடு தாண்டும்வரை பேசி ஜெயித்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கையை இங்கே எழுதப் போவதில்லை, என் மனைவியும் இந்தப் பக்கத்தைப் படிப்பாள்.

கெடு தாண்டிய பிறகு ஒருநாள் காலை. முந்தைய இரவு பெரிய சண்டை. ஏப்ரல் அமைதியாகக் காலை உணவு செய்து வைக்கிறாள். புது வேலையைப் பற்றியும் அந்தக் கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்யும் என்றும் அக்கறையாகக் கேட்கிறாள். அவன் பேப்பரில் படம் வரைந்தே விளக்கிவிட்டு மனம் நிறைந்து ரயிலுக்குப் போகிறான். பிள்ளைகள் முன்பே பக்கத்துக் குடும்பத்தில். அவள் வீட்டில் தனியாக இருக்கிறாள். பிறகு தானே முயன்று, ரத்தப்போக்கு நிற்காமல், அன்றே ஆஸ்பத்திரியில் இறந்துபோகிறாள்.

நாவல் முழுக்க நாம் ஃபிராங்க் மனதுக்குள்தான் அதிகம் இருக்கிறோம். அக்கம்பக்கத்தார் மனதுக்குள்ளும் போய்வருகிறோம். ஏப்ரல் என்ன நினைக்கிறாள் என்று உள்ளிருந்து நமக்குத் தெரிவது ஏறக்குறைய அந்தக் கடைசிப் பகலில் மட்டும். பகல் முழுக்க அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று யேட்ஸும் கடைசி நாள்வரை நமக்குக் காட்டவில்லை. பாரிஸ் திட்டத்தில்கூட, ஃபிராங்குக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் ஏற்பாடு. ஏப்ரலுக்கு என்ன வேண்டும் என்று அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

சட்டத்தின் மேலும் காலத்தின் மேலும் பழியைப் போட்டுவிட்டால் யேட்ஸ் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பதும் தெரிகிறது. ஃபிராங்கை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அவனுக்குப் படிப்பை அரசே தந்தது. அவன் பயந்தான், அவ்வளவுதான். ஆனால் ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே, அவனுடைய பயத்துக்கு விலை பதவி உயர்வு, அவளுடைய துணிச்சலுக்கு விலை உயிர். இந்த வித்தியாசம் இருவரின் குணத்தால் வந்தது இல்லை. இங்கேதான் வரலாற்று வாத்தியார் உள்ளே வர வேண்டியிருக்கிறது.

நாவலின் பெயருக்கு யேட்ஸே விளக்கம் சொல்லியிருக்கிறார். 1776இல் தொடங்கிய அந்தப் புரட்சிப் பாதை 1950களில் முட்டுச்சந்துக்கு வந்துவிட்டது என்று காட்டவே அந்தப் பெயராம். பாதுகாப்பை எப்படியாவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற வெறி நாட்டையே பிடித்திருந்த காலம் என்று அவர் நினைத்தார். இந்த நாவல் 1962இல் நேஷனல் புக் அவார்டு இறுதிப் பட்டியல் வரை போனது, பரிசு வாக்கர் பெர்சியின் 'தி மூவிகோயர்' நாவலுக்குப் போய்விட்டது. யேட்ஸ் 1963இல் கொஞ்சகாலம் ராபர்ட் கென்னடிக்கு உரை எழுதிக் கொடுத்தார், பல கல்லூரிகளில் எழுத்துப் பாடம் நடத்தினார், நிறையக் குடித்தார், 1992இல் அலபாமாவில் இறந்தார். அப்போது அவருடைய புத்தகங்களைக் கடையில் தேடிப் பிடிப்பதே கடினம். 1999இல் ஸ்டூவர்ட் ஓநான் என்ற எழுத்தாளர் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகுதான் மறுபதிப்பு, வாசகர்கள், 2008இல் சினிமா. 'டைட்டானிக்' ஜோடியே நடித்த படம் அது. கப்பலில் சேர்ந்தவர்களைப் புறநகர் வீட்டில் பார்க்கலாம் என்று போனவர்கள் முகம் வாடித்தான் வெளியே வந்திருப்பார்கள்.

கருக்கலைப்பு உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973இல் ஏற்றது, 2022 ஜூனில் அதே நீதிமன்றம் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு மாநிலங்களிடம் விட்டுவிட்டது. சரி, தவறு என்று நான் இங்கே வழக்காடப் போவதில்லை, உங்களுக்குள்ளேயே இரண்டு பக்கமும் இருப்பீர்கள். 1955இல் நடந்த கதை என்று மூடி வைக்க முடியாத புத்தகம் என்பதற்காகச் சொன்னேன்.

கிவிங்ஸ் அம்மாளை ஞாபகம் வைக்கச் சொன்னேன் அல்லவா. நாவலின் கடைசிக் காட்சி அவருடையது. வீலர் வீட்டை வேறொரு இளம் தம்பதிக்கு விற்றுவிட்டார். மாலையில் கணவர் எதிரே உட்கார்ந்து, அந்த வீலர்கள் ஆரம்பத்திலிருந்தே சரியில்லை, வீட்டை எப்படிக் கெடுத்து வைத்திருந்தார்கள் தெரியுமா என்று பேசிக்கொண்டே போகிறார். முன்பு அவர்களைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியதும் அதே வாய்தான். கிழவர் ஒன்றும் சொல்லாமல் தன் காது மெஷினை அணைத்துவிடுகிறார். நாவல் அங்கே நின்றுவிடுகிறது.

அன்று கேள்வி கேட்ட மாணவியின் பெயர் எனக்கு மறந்துவிட்டது. முகம் நினைவிருக்கிறது. அந்த வகுப்பில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அவளுக்கு அனுப்பி வையுங்கள். கேள்வி நல்ல கேள்வி, சார்தான் பாடம் நடத்தாமல் விட்டுவிட்டார் என்று சொல்லுங்கள்.